மடிப்பதா, சுருட்டுவதா?

கல்யாணத்துக்குப் பெட்டி கட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இதே பஞ்சாயத்துதான். அம்மா மடிக்கிற கட்சி, நான் சுருட்டுகிற கட்சி.

குர்தி, லெக்கின்ஸ், ஜார்ஜெட் எல்லாம் சுருட்டலுக்கே ஏற்றவை. துணி வளைகிறதே தவிர முறிவதில்லை. அதனால் கோடு விழாது, இடமும் மிச்சம். ஆனால் தரையில் விரித்து உள்ளங்கையால் நீவிவிட்டுச் சுருட்ட வேண்டும். ஆட்டோ வாசலில் நிற்கும்போது சுருட்டினால் கசங்கல்தான் மிஞ்சும்.

பட்டில் நான் அம்மாவிடம் தோற்றேன். ஒருமுறை காஞ்சிப் பட்டைச் சுருட்டித் திணித்துப் போனேன். தஞ்சாவூரில் பிரித்தால் முந்தானை ஜரிகை முழுக்க நெளிந்து கிடந்தது. அம்மாவோ புடவையை அகலமாக மடித்து, மடிப்புக்கு மடிப்பு பழைய வேட்டித் துண்டு ஒன்றைச் செருகுவார். மடிப்பின் முனை கூராகாமல் உருண்டே நிற்கும், ஜரிகை ஒடியாது. கனமான பொருள்கள் கீழே, பட்டு எல்லாவற்றுக்கும் மேலே. பெட்டியில் பாதி இடத்தை அது ஒன்றே பிடித்துக்கொள்ளும், வேறு வழியில்லை.

கஞ்சி போட்ட காட்டனா? மடித்தாலும் சுருட்டினாலும் கோடு விழும். நான் கஞ்சி போடாமலே எடுத்துப்போய், இறங்கியதும் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.