நாலு வருடமாக வீட்டில் கத்தி அடிக்கிறேன்: எது நின்றது, எது நிற்கவில்லை

காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் உலை வைத்து நாலு வருடம் முடிந்துவிட்டது. இதுவரை அடித்தது 31 கத்தி. அதில் இன்றைக்கும் சமையலறைகளில் தினமும் ஓடுவது 9. மற்றதெல்லாம் விரிசல் விட்டது, வளைந்தது, அல்லது கூர் நிற்காமல் போனது. புதிதாக இறங்குகிறவர்கள் உலையையும் சம்மட்டியையும் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் கத்தியின் தலையெழுத்து தோய்ச்சலில்தான், அதாவது பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவதில்தான் இருக்கிறது.

முதலில் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். உலைக்குப் பழைய லாரி பிரேக் டிரம், அடியில் ஒரு இரும்புக் குழாய், காற்றுக்குச் சின்ன புளோயர். குழாய் துத்தநாகப் பூச்சு இல்லாததாக இருக்க வேண்டும், சூட்டில் அந்தப் புகை ஆளைப் படுக்க வைத்துவிடும். கரி, நம்ம பக்கத்து வேலிகாத்தான் கரிதான். பொறி பறக்கும், ஆனால் நல்ல சூடு. பட்டடைக்கல்லுக்குத் தண்டவாளத் துண்டு வாங்கச் சொல்லிப் பலர் யோசனை சொன்னார்கள். அது ரயில்வே சொத்து, கணக்கில்லாமல் வைத்திருந்தாலே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரும். நான் பழைய இரும்புக் கடையில் ஒரு கனமான அச்சுத் துண்டு வாங்கிப் புளிய மரக்கட்டையில் பதித்தேன். இன்றுவரை அசையவில்லை.

இரும்பு விஷயத்தில்தான் இரண்டு வருடம் வீணாக்கினேன். கட்டடக் கம்பியில் அடித்தால் கத்தி மாதிரி இருக்கும், கூர் நிற்காது. லாரி ஸ்பிரிங் பட்டை சரியான சரக்கு. ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். மூன்று சாயங்காலம் அடித்து, தேய்த்து, கடைசியில் முடி இழை மாதிரி ஒரு கோடு தெரியும்போது வயிறு எரியும். இப்போது பட்டை கட்டும் பட்டறைகளில் புதுப் பட்டை வெட்டி மிஞ்சும் துண்டுகளைத்தான் வாங்குகிறேன். என்ன வகை என்றும் கேட்டுக்கொள்கிறேன். எஸ்யூபி9 என்றால் தோய்ச்சலுக்கு 850 டிகிரி வட்டாரம் போதும். சிலிக்கான் அதிகமுள்ள இஎன்45 என்றால் 900ஐத் தாண்ட வேண்டும். இது தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சூட்டில் தோய்த்ததால்தான் சில கத்திகள் கடினம் ஏறின, சில ஏறவில்லை.

முதல் வருடம் தண்ணீரில் தோய்த்தேன். ‘டிங்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் முதுகிலிருந்து கூர் வரை விரிசல். இந்தப் பட்டைகளுக்கு எண்ணெய்தான். கடலை எண்ணெயை 50, 60 டிகிரிக்குச் சூடாக்கி, நீளமான இரும்பு டப்பாவில் ஊற்றி, கத்தியை நுனி முதலாக நேராக இறக்குகிறேன். பக்கவாட்டில் ஆட்டினால் கோணிக்கொள்ளும். எரிந்த இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை கெடுதல். தீப்பிடித்தால் மூட ஒரு தகரமும் பக்கத்தில் மணல் வாளியும் எப்போதும் இருக்க வேண்டும்.

சூட்டை எப்படிப் பார்ப்பது? 770 டிகிரியில் இரும்பு காந்தத்தைப் பிடிக்காது. அது ஆரம்ப அடையாளம், அதற்கு மேல் நிறத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். நான் பகலில் தோய்த்துத் தோய்த்துத் தோற்றபோது, பேர்ணாம்பட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர் சொன்னார்: “நெழலுக்கு எடுத்துகினு போ தம்பி, வெயில்ல நெறம் பொய் சொல்லும்.” அன்றிலிருந்து பொழுது சாய்ந்த பிறகுதான் தோய்ச்சல். வெயிலில் மங்கலாகத் தெரிந்த அதே இரும்பு, இருட்டில் ஆரஞ்சாகக் கனிந்து நிற்கும்.

தோய்த்த கத்தியில் அரத்தை வைத்து இழுத்தால் கண்ணாடியில் போல வழுக்க வேண்டும். அப்படியே விட்டால் கீழே விழுந்தாலே உடையும். அதனால் அடுப்பு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்த இடம் வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சரி. ஒரு முறை ஓவனின் முள்ளை நம்பி விட்டுவிட்டேன், சூடு மிஞ்சிக் கத்தி நீலமாகி மிருதுவாகிவிட்டது. அது மாதம் இரண்டு தடவை சாணைக் கல் கேட்கிறது. தனியாக ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள்.

இனி புழக்கம். அம்மாவுக்கு அடித்துக் கொடுத்த காய்கறிக் கத்தி மூன்று வருடமாக ஓடுகிறது. பூவரசம் பிடி, ஆறங்குல அலகு. முதல் வாரம் மாங்காய் நறுக்கியதும் “இன்னாடா இது, கறுத்துப்போச்சு?” என்று பதறினார். துரு வேறு, இந்தக் கறுப்பு வேறு. புளிப்பு பட்டால் கார்பன் இரும்பு சாம்பல் நிறமாகும், கெடுதல் இல்லை. கழுவியதும் துடைத்து வைத்தால் போதும், இரவில் ஒரு சொட்டு எண்ணெய். ஈரத்தோடு பாத்திரக் கூடையில் போட்டால் காலையில் துரு நிச்சயம். ஆம்பூரில் வாங்கிய தோலில் ஆசையாக உறை தைத்து ஒரு கத்தியை அதிலேயே வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் அலகெல்லாம் புள்ளி புள்ளியாகத் துரு. உறை எடுத்துப் போக மட்டும்தான்.

பெரிதாக அடிக்க ஆசை வரும். வீட்டு வேலை, விவசாய வேலைக்கான கருவியாக இல்லாமல் 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் அலகுக்கு ஆயுத விதிப்படி உரிமம் வேண்டும். நான் சமையலறைக் கத்தியோடு நிற்கிறேன். கண்ணாடி, பருத்தித் துணி, கிரைண்டரில் தேய்க்கும்போது முகமூடி, இவை இல்லாமல் ஒரு நாளும் தொடுவதில்லை.

அம்மா இப்போது தேங்காய் கீறச் சின்னதாக ஒன்று கேட்டிருக்கிறார். பட்டை வெட்டி வைத்தாயிற்று. அக்கினி நட்சத்திரம் முடியட்டும், வேலூர் வெயிலில் உலைக்கு முன்னால் இப்போது நிற்க முடியாது.