கூர்ட் யூர்கன்ஸ் படவரிசை: கிளிநொச்சித் திரையிடல் சேவை ஒன்றின் மதிப்பீடு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோர மாடிக் கூடமொன்றில் வார இறுதிகளில் கட்டணத்துடன் நடைபெறும் திரையிடல் சேவை, அண்மையில் ஜேர்மனியில் பிறந்த நடிகர் கூர்ட் யூர்கன்ஸின் படங்களைத் தொடராகக் காண்பித்தது. இத்தகைய தெரிவு வன்னியில் அரிது.

1915இல் பிறந்து, பிரெஞ்சுத் தாயின் மொழியையும் கைக்கொண்டு, வியன்னாவின் புர்க் நாடக அரங்கிலும் நடித்த யூர்கன்ஸ், 1955 வெனிஸ் விழாவில் ஒரு ஜேர்மன் படத்துக்கும் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அந்த ஜேர்மன் படமான 'பிசாசின் தளபதி'யில், தான் சேவை செய்யும் ஆட்சியையே வெறுக்கத் தொடங்கும் விமானப்படைத் தளபதியின் மனப்போராட்டத்தை அவர் உரத்த வசனங்களைவிட மௌனத்தாலேயே உணர்த்துகிறார். போரைக் கண்ட எங்கள் மக்கள் அதை அசையாமல் பார்த்தார்கள். 1957இல் ஆங்கிலத்தில் ஏற்ற நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் பாத்திரமும் கண்ணியம் மிக்கது. 1977இன் ஜேம்ஸ் பொண்ட் வில்லன் வேடம் வெறும் பொழுதுபோக்கே.

கட்டணம் நியாயமானது, தமிழ் உபதலைப்புகள் தெளிவானவை, மின்தடைக்கு ஜெனரேட்டரும் உண்டு. ஆனால் பிரெஞ்சுப் படத்தை ஆங்கிலக் குரல்மாற்றத்தில் திரையிட்டது பெருங்குறை. பன்மொழி நடிகர் ஒருவரின் சொந்தக் குரலைக் கேட்கவே நாங்கள் சென்றிருந்தோம். அப்படத்தை மூலமொழியில் மீண்டும் திரையிடுமாறு நடத்துநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.