கத்லிக்கு எதற்கு முழு முந்திரி? பண்ருட்டியில் வாங்கிய பாதிப் பருப்பு எப்படி?

வீட்டில் முந்திரி கத்லி செய்வதற்கென்று சூப்பர் மார்க்கெட்டில் டபிள்யூ 240 என்று தரம் போட்ட முழு முந்திரிப் பாக்கெட்டைத் தேடி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தடுக்கத்தான் தோன்றும். எப்படியும் மிக்ஸியில் போட்டுப் பொடிக்கப் போகிறோம். அந்த எண்ணுக்கும் ருசிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் கணக்கு. 180 என்றால் நல்ல பருமன், 320 நடுத்தரம், 450 பொடிசு. உடையாத அழகுக்காகக் கூடுதல் காசு கொடுத்து, வீட்டுக்கு வந்ததும் அந்த அழகை அரைத்துத் தள்ளுவானேன்?

என் மாமியார் வீடு நெய்வேலி. அங்கிருந்து சென்னைக்குத் திரும்புகிற வழியில் காடாம்புலியூர், பண்ருட்டி. சாலையோரம் முழுக்க முந்திரிக் கடைகள்; கோடையில் போனால் நடுநடுவே பலாப்பழக் குவியல். தீபாவளிக்கு முன்னால் அப்படி ஒரு கடையில் இரண்டாகப் பிளந்த பாதிப் பருப்பு ஒரு கிலோ வாங்கினேன். முழுப் பருப்பைவிடக் கிலோவுக்கு 150 ரூபாய் குறைவு. "இது எல்லாம் உங்க ஊர்க் கொட்டைதானா?" என்று கேட்டேன். சுற்றுவட்டார விளைச்சல் ஆலைகளுக்குப் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை வருவது தெரிந்த கதைதானே. கடைக்காரர் மழுப்பவில்லை. "ரெண்டும் கலந்துதாம்மா வரும். நீங்க கத்லிக்குன்னா நிறத்தைப் பாருங்க, ஊரைப் பாக்காதீங்க" என்றார். இதற்கே அவருக்குத் தனியாக ஒரு மதிப்பெண் போடலாம்.

நிறம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. தந்த வெள்ளை, தீய்ந்த விளிம்பு இல்லை. ஒன்றை எடுத்துக் கடித்தால் 'டக்' என்று உடைந்தது. நமத்த பருப்பு உடையாது, பல்லில் வளைந்துகொடுக்கும். காறல் வாடையும் இல்லை. அதே கடையில் இன்னும் மலிவாகப் பொடித் துண்டுகள் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. துண்டு சிறிதாக ஆக, ஒட்டிக்கொண்டிருக்கும் செந்தோலும் தூசியும் கூடும், பொறுக்கி மாளாது. தோல் கலந்தால் கத்லியில் புள்ளி விழும், லேசாகத் துவர்க்கும். ஆக, கத்லிக்குப் பாதிப் பருப்புதான் சரியான இடம்.

சரி, பாத்திரத்தில் ஏறியபோது எப்படி இருந்தது? 100 கிராம் முந்திரியில் 40 கிராமுக்கு மேல் கொழுப்பு. மிக்ஸியை விடாமல் ஓட்டினால் சூட்டில் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். விட்டு விட்டுச் சுற்ற வேண்டும், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே அரைக்கக் கூடாது. இந்தப் பருப்பு நன்றாகக் காய்ந்திருந்ததால் பூப்போலப் பொடிந்தது. சலித்தபோது மேலே நின்றது ஒரு கைப்பிடிகூட இல்லை; அதை மறுபடி அரைத்துச் சேர்த்தேன்.

இரண்டு கப் பொடிக்கு ஒரு கப் சர்க்கரை, அரை கப் தண்ணீர். பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும் அடுப்பைச் சிறியதாக்கிப் பொடியைக் கொட்டிக் கிளற வேண்டும். இரண்டு கம்பிக்குப் போனால் ஆறியதும் உதிர்ந்து கொட்டும். முதலில் தோசை மாவு மாதிரி தளர்வாக இருக்கும். பயந்து கூடப் பொடி போடாதீர்கள். கிளறக் கிளற ஓரம் விட்டு நடுவில் திரண்டு வரும். துளி எடுத்து நெய் தொட்ட விரலில் உருட்டிப் பாருங்கள். ஒட்டாமல் உருண்டால் உடனே இறக்கிவிட வேண்டும், 'இன்னும் ஒரு நிமிஷம்' என்ற பேச்சே கூடாது. கை பொறுக்கும் சூட்டில் ஒரு கரண்டி நெய் விட்டுப் பிசைந்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்தேன். ஓரம் கொஞ்சமாக வெடித்தது, மடித்துப் பிசைந்ததும் சரியாகிவிட்டது. ஆறிய பிறகு வெட்டினால்தான் கோடு நேராக வரும்.

வெள்ளித்தாள் ஒட்டவில்லை. அதில் விலங்குப் பொருள் எதுவும் சேரக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. ஆனாலும் ருசி எதுவும் தராத ஒன்றுக்கு எதற்குச் செலவு?

கத்லி வாயில் போட்டதும் கரைந்தது, நிறமும் வெண்மையாகவே நின்றது. முழு முந்திரியில் செய்ததை அருகில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. இனிப்புக் கடைக்காரர் யாருக்காவது தெரியுமோ என்னவோ. ஒரு வேளை கொஞ்சம் நிலக்கடலையைச் சேர்த்து மலிவாக முடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

குறை என்றால் பொட்டலம்தான். மெல்லிய பிளாஸ்டிக் கவர், வாயில் ஒரு ரப்பர் பேண்ட். பொட்டலம் கட்டிய தேதி கிடையாது. காரில் வீடு வந்து சேர்வதற்குள் ஓரத்தில் கிழிந்து இருக்கையெல்லாம் பருப்பு. மழைக்காலத்தில் இப்படியே வைத்தால் நமத்துப்போகும், வண்டும் வரும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். உடனே செய்யாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அரைப்பதற்கு முந்தைய இரவே டப்பாவைத் திறக்காமல் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

கத்லிக்கும் குருமாவுக்கு அரைக்கவும் கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பருப்பு வாங்கலாம். பாயசத்தில் மிதக்கவிட முழுப் பருப்பு கால் கிலோ தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தக் கடையில் அட்டைப்பெட்டி கேட்டால் தருகிறார்கள். பக்கத்தில் நின்றவர் கேட்டு வாங்கியதைப் பார்த்தேன். கேட்காவிட்டால் ரப்பர் பேண்ட்தான்.