குக்கர் விசில் யோகா: இரண்டரை வருட அனுபவம்

நேற்று ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த தோழி, "முதுகுவலிக்கு யோகா பண்றியே, நெசமாவே கேக்குதா? நானும் ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். அப்போது நான் இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பதில் சொல்வது?

பதினான்கு வருடமாகத் தையல் வேலை. தரையில் துணி விரித்துக் குனிந்தே வெட்டிப் பழகிய முதுகு. முதலில் விடியற்காலை வகுப்பு ஒன்றுக்குத்தான் போனேன். மூன்றாம் நாளே எல்லோருக்கும் பச்சிமோத்தாசனம், அதாவது காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிவது. நெற்றி முட்டியில் பட வேண்டும் என்று மாஸ்டர் முதுகில் கை வைத்து அழுத்தினார். மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், எழுந்த உடனே ஆழமாகக் குனிந்தால் அவற்றின் மேல் அழுத்தம் கூடும் என்று பிசியோதெரபிஸ்ட் பிறகு விளக்கினார். சென்னையில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரும் அவர் மகன் தேசிகாச்சாரும் ஆளுக்கேற்ற ஆசனம் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஊரிலிருந்து நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு வகுப்பில் முப்பது பேருக்கும் ஒரே ஆசனம்! இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

அதன் பிறகு வகுப்பு கிடையாது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னதை வீட்டு வேலைக்கு நடுவே செருகிக்கொண்டேன். குக்கரில் முதல் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் நடுவில் சமையல் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்வேன். முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து சாய்ந்து நின்றால் விலாவின் இரண்டு பக்கமும் இழுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு ரவிக்கைக்கும் கை வைத்து முடித்ததும் எழுந்து தாடாசனம், அதாவது நேராக நிமிர்ந்து நிற்பது, ஐந்து மூச்சு. மதியம் பாயில் குப்புறப் படுத்து மகராசனம், அப்படியே மெதுவாக நெஞ்சைக் கொஞ்சம் தூக்கிப் பாதிப் புஜங்காசனம். இரவு மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேது பந்தாசனம் ஆறு முறை, அப்புறம் கெண்டைக்காலை நாற்காலி மேல் போட்டுக் கொஞ்ச நேரம். எல்லாம் சேர்த்தால் நாளுக்குப் பதினைந்து நிமிடம் வராது. வெட்டுவதையும் தரையிலிருந்து மேசைக்கு மாற்றினேன். அதற்கும் இதில் பங்கு உண்டு, மறைக்கக்கூடாது.

பலன் ஊசியில்தான் தெரிந்தது. முன்பெல்லாம் குண்டூசி கீழே விழுந்தால் குனிய முடியாமல், நூலில் கட்டிய காந்தத்தை இறக்கித்தான் எடுப்பேன். ஏழெட்டு மாதம் போன பிறகு ஒருநாள் பார்த்தால் நானே உட்கார்ந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் காந்தத்தைப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டபோது அழுகை வந்துவிட்டது. மாத்திரையும் இல்லை, தைலமும் இல்லை. நாள்பட்ட இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் சேர்த்தது. என் உடம்பு அதை நம்புகிறது.

ஆனால் போன வாரம் சொந்தக்காரர் கல்யாணம். இரவு முழுக்க பஸ், மண்டபத்தில் ஜமுக்காளத்தில் படுக்கை, ஐந்து நாள் ஒரு ஆசனம்கூடப் போடவில்லை. வீடு வந்து பையை இறக்கியதும் அதே இடத்தில் அதே வலி. இரண்டரை வருடம் ஒரு நாள் விடாமல் செய்ததற்கு ஐந்து நாள்தானா மரியாதை? பஸ்ஸும் ஜமுக்காளமும்தான் காரணம் என்று புத்திக்குத் தெரிகிறது. கோபம் அதைக் கேட்கவில்லை. கல்யாண வீட்டிலும் மூன்று விசில் நேரம் கிடைக்காதவளுக்கு இது எப்படிப் பொருந்தும்? நேற்றுக் காலை பொத்தான் டப்பாவைத் திறந்து காந்தத்தை எடுத்தேன்.

அந்தக் கடுப்பில் தோழியிடம், "ஆரம்பிக்காதே, ஆரம்பித்தால் விடவே முடியாது" என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு வலி பின்தொடை வழியாகக் கால் விரல் வரை இறங்கி மரத்துப்போகிறதாம். அதனால் எந்த ஆசனமும் வேண்டாம், முதலில் எலும்பு டாக்டரிடம் காட்டு என்றும் சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றதைப் பற்றி, வியாழக்கிழமை ரவிக்கை வாங்க வரும்போது கேட்டால் வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.