இலவச வக்கீல், ஒரு சாக்கு செம்பு: 5க்கு 4

மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ரிவியூ எழுதினால் கம்பிக்கோ வார்னிஷுக்கோதான் எழுதுவேன். இது எங்கள் தாலுகா கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் கிடைத்த இலவச வக்கீலைப் பற்றியது. வழக்கு நடப்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம். வெண்ணாற்றுப் பக்கம் என்பது போதும்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வரும்வரை போர்த் தண்ணீர்தான். ஒருவர் வயலில் நீர்மூழ்கி மோட்டாரின் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போலீஸ்காரர்கள் என் கடைப் பையனை, வயது 19, "விசாரிச்சுட்டு அனுப்பிடுறோம்" என்று கூட்டிப் போனார்கள். பத்து மணிக்கு இரண்டு பேர் வந்து, பெஞ்சுக்கு அடியில் கிடந்த பழைய செம்புச் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை மாலை பையனோடு திரும்ப வந்து அதே சாக்கை எடுத்து எடை போட்டு, கைப்பற்றியதாக மகஜர் எழுதினார்கள். அவன் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நின்றான்.

பையன் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று டீக்கடையில் பேச்சு. நானும் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒருவேளை எடுத்திருப்பானோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. திருட்டு மால் வாங்கியவன் என்று என்னையும் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

தெரிந்த வக்கீல் ஜாமீனுக்கு மட்டும் 15,000 கேட்டார். பையனின் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். யாரோ சொல்லி இலவச சட்ட உதவி நம்பரான 15100க்குப் போன் போட்டேன். வருமானச் சான்று கேட்டு அலைய விடுவார்கள் என்று பார்த்தால், காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாதாம். 1987ஆம் வருடச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. எனக்கு ஆன செலவு ஜெராக்ஸும் பஸ்ஸும்தான்.

வந்த வக்கீலம்மாவுக்கு வயது முப்பதுக்குள். "அவன் செஞ்சானா?" என்று கேட்பார் என நினைத்துப் பதிலை யோசித்து வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. "எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போனாங்க சார்? சாக்கை எத்தனை மணிக்குப் பாத்தாங்க? எதிர்ல யார் கடையிலயாவது கேமரா இருக்கா?" மருந்துக்கடையில் இருந்தது. பழைய பதிவு தானாக அழிந்துவிடும், இன்றைக்கே பென்டிரைவில் வாங்கிவிடுங்கள் என்றார். வாங்கினேன்.

மறுநாள் ரிமாண்ட் காகிதங்கள் கிடைத்தன. கைது செய்த நேரம் புதன் மாலை மூன்று மணி என்று போட்டிருந்தது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுவர வேண்டும் என்ற கணக்குக்காக ஒரு முழு நாளை விழுங்கிவிட்டார்கள். ஒப்புதல் வாக்குமூலம் நான்கு பக்கம். பையன் எழுத்துக்கூட்டிப் படிப்பவன். அதிலோ, "என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்" என்று முடித்திருக்கிறான். ஆஜர் என்ற வார்த்தையை அவன் வாயால் நான் கேட்டதே இல்லை.

"இந்த நாலு பக்கத்துல கடைசி வரி மட்டும்தான் சார் சாட்சியமா வர முடியும்" என்றார் வக்கீலம்மா. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பது 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்திலேயே 25ஆம் பிரிவாக இருந்ததாம். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில் அது 23ஆம் பிரிவு. அவன் சொன்னதால் ஒரு விஷயம் புதிதாகத் தெரியவந்தால், அது சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் அந்த வரி. செவ்வாய் காலையே பிரித்துப் பார்த்த சாக்கைப் புதன் மாலை எப்படிக் கண்டுபிடிப்பது?

என் பங்குக்கு நானும் ஒன்று சொன்னேன். கேபிள் செம்பு முடி மாதிரி மெல்லிய இழைகளாக இருக்கும். சாக்கில் இருந்தது மோட்டாரிலிருந்து உரித்த காயில், ஒற்றைக் கம்பி, எனாமல் பூச்சோடு. தொழில்காரன் கண்ணை மூடிக்கொண்டு தடவியே சொல்லிவிடுவான். அதையும் எழுதிக்கொண்டார்.

கோர்ட் வராந்தாவில் காத்திருந்தபோது, வெள்ளைக்காரனே ஏன் தன் போலீசை நம்பவில்லை என்று கேட்டேன். 1855இல் மதராஸ் மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த கமிஷனின் அறிக்கையைப் பற்றிச் சொன்னார். வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒத்துக்கொள்ள வைக்கவும் விரல்களை நெரித்த கிட்டி அதில் வருகிறதாம். எங்கள் அப்பாயி "கிட்டி போட்டுக் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டான்" என்று சொல்வதைச் சும்மா பழமொழி என்று நினைத்திருந்தேன்.

மாஜிஸ்திரேட் போலீஸ்காரர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அடித்தார்களா என்று கேட்டார். பையன் "பாத்ரூம்ல வழுக்கி..." என்று ஆரம்பித்தான். "காலைக் காட்டு தம்பி" என்றார் வக்கீலம்மா. அவ்வளவுதான். பாதத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரியில் காட்டி அறிக்கை தரச் சொன்னார் மாஜிஸ்திரேட். ரிமாண்ட் ஆனது ஆனதுதான். ஒன்பதாம் நாள் ஜாமீன் கிடைத்தது.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் தடவை போனபோது, சாப்பாட்டு நேரம், நாளைக்கு வாங்க என்றார் ஒருவர். வக்கீலம்மாவுக்கு ஏகப்பட்ட கேஸ் கட்டு, போனை எடுக்க மாட்டார், ராத்திரி ஒன்பதுக்கு மேல் அவரே கூப்பிடுவார். ஸ்டேஷன் கேமராப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2020இல்.

இன்னொன்று என் தப்பு. செவ்வாய்க்கிழமையே 15100க்குப் பேசியிருக்க வேண்டும். விசாரணையின்போதே வக்கீலைப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டாம். ஸ்டேஷன் சுவரிலேயே அந்த நம்பர் எழுதியிருந்தது. முன்னால் பிடித்து வைத்த பைக்குகள் அடுக்கியிருந்ததால் முதல் இரண்டு எண்தான் தெரிந்தது.

பையன் கடைக்கு வருகிறான். உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறேன். செம்பு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும். நான் காவலிலும் இல்லை, ஏழையும் இல்லை, அதனால் அதற்கு இலவச வக்கீல் கிடையாதாம்.