2022இல் வாங்கிய லேடீஸ் சைக்கிள்: இன்னும் ஓடுகிறது, இன்னும் சத்தம் போடுகிறது

போன கிழமை பின் ரயர் மாற்றினேன். ரயர் விலை பரவாயில்லை, கூலியும் பரவாயில்லை. திரும்பி வரும் வழியில் கல்லடிப் பாலம் ஏறும்போது செயின் கவர் பழையபடி கடகடவென்று அடிக்கத் தொடங்கிவிட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தால் பின்பக்க ஆணி ஒன்றைக் காணவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், நீதி கொஞ்சம் முன்பின்னாக இருக்கும்.

சைக்கிளைப் பற்றி விவரிக்க ஒன்றுமில்லை. இரும்பு லேடீஸ் சைக்கிள். முன்னால் கூடை, பின்னால் கரியர், கியர் கிடையாது. மட்டக்களப்பில் கியர் எதற்கு? எங்களுக்கு ஏற்றம் என்றால் பாலம் மட்டும்தான். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. கையோடு, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்றார்கள். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்குக்கு எரிபொருள் வாங்கும் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானது. அந்த அமளியில் வாங்கியது இது. பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிளுக்கு என்ன விலை சொன்னாலும் கொடுக்க ஆள் இருந்தது. இதே மாதிரி ஒன்றை அண்மையில் கடையில் குறைந்த விலைக்குக் கண்டேன், அதைப் பற்றி மேலே பேசாமல் விடுகிறேன்.

செயின் கவருக்கு வருவோம். சேலை உடுத்திக் கந்தோருக்குப் போகிறவளுக்கு முழுக் கவர் இல்லாமல் சரிவராது. அரைக் கவரில் மேல்பக்கம் மட்டும்தான் தகடு. காற்றுள்ள நாளில் சேலைக் கொசுவம் கீழ்ப்பக்கச் செயினில் போய் மாட்டும். முழுக் கவர் சுற்றிவர மூடிவிடும், சேலையும் தப்பும், மணலும் மழையும் செயினில் படாது. சொல்லும்போது நல்ல ஏற்பாடுதான்.

பின் சில்லைக் கழற்றும்போதுதான் வினை. சாதாரண பஞ்சர் என்றால் யாரும் சில்லைக் கழற்றுவதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ரயரை ஒருபக்கம் நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார்கள். ரயர் மாற்றவோ அச்சுக்குப் போல்ஸ் (உள்ளே உருளும் இரும்புக் குண்டுகள்) போடவோ அந்த வித்தை உதவாது, முதலில் கவரைக் கழற்றியாக வேண்டும். பின் மூடி தனி, பக்கத் தகடு தனி, பிடிக்கும் ஆணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். நாங்கள் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம். உப்பில் ஆணி துருவேறி இறுகிப்போய் இருக்கும். முறுக்கினால் ஒன்றாவது தலை உடையும். அதே ஆணி கடையில் இருக்காது, வேறொன்று போட்டால் மரை பொருந்தாது.

"ஒரு ஆணி இல்லாட்டி ஒண்டும் செய்யாது தங்கச்சி, மற்றது பிடிச்சுக்கொண்டு நிக்கும்" என்பார் சந்தியில் திருத்துகிற அண்ணன். அவர் கைராசிக்காரர். சில்லைச் சுழற்றிக் காதைக் கொடுத்தே எந்தப் பக்கத்துப் போல்ஸ் போய்விட்டது என்று சொல்வார். ஆணி விஷயத்தில் மட்டும் அவருடைய நியாயம் எனக்கு ஒத்துவராது. மற்ற ஆணிகள் பிடித்துக்கொண்டு நிற்பது உண்மைதான், ஆனால் தகடு ஒரு நூல் விலகிவிடும். மிதிக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்க் அதில் உரசும். நான் கந்தோர் வாசலுக்கு வருமுன்பே உள்ளே தெரிந்துவிடுகிறதாம்.

பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி, தகட்டுக்கும் அதைத் தாங்கும் கம்பிக்கும் இடையில் வாசராக வைத்தால் சத்தம் அடங்கும். அடுத்த தடவை கழற்றும்வரை. வாங்கியவர்கள் யாராவது படித்தால், இது ஒன்றாவது உதவும்.

நியாயமாகவும் ஒன்று சொல்லவேண்டும். செயின் இன்னும் பழையதுதான். அடிமட்டம் இருந்தால் யாரும் பார்க்கலாம். சைக்கிள் செயினின் கண்ணி அரை அங்குலம், ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். ஊசிக்கு ஊசி அளந்து, எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் முடிந்தது, விட்டுவைத்தால் பற்சில்லையும் தின்னும். என்னுடையது அந்த எல்லைக்குக் கிட்டவும் போகவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியின் கவர் இல்லாத சைக்கிள் இதற்குள் செயின் மாற்றிவிட்டது. அவன் கடற்கரை மணலில் ஓட்டுகிறவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் அச்சு முங்கத் தள்ளிக்கொண்டு போய், பிறகு போல்ஸ், கிறீஸ் எல்லாம் மாற்றவேண்டி வந்தது. செயினை ஒரு துணியால் துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விட்டதோடு சரி. கழிவு ஒயில் விடாதீர்கள், சேலையில் பட்டால் போகாது.

சரி, பெற்றோல்தான் வந்துவிட்டதே. கியூஆரும் 2023 செப்டெம்பரோடு போய்விட்டது, ஸ்கூட்டியும் வீட்டில் நிற்கிறது, அதை விற்கவும் இல்லை. அப்புறம் ஏன் இன்னும் இதை மிதிக்கிறாய் என்று வீட்டில் உள்ளவர்களே கேட்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லித் தப்பலாம். நிறை ஒன்றும் குறையவில்லை. முழங்காலும் எப்படியிருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. நிலைபேறான வாழ்க்கை பற்றி ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருக்கிறேன். 2015இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளையும் நிறம் நிறமாகத் திரையில் காட்டினார்கள். அவை நாடுகளுக்குரிய கணக்கு. மாலை நாலரை மணிக்குக் களைத்துப்போய் வருகிறவள் அதில் எங்கே நிற்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

சைக்கிள் எனக்குக் கொடுத்தது ஒரு எல்லை. கந்தோர், சந்தை, கோயில், காத்தான்குடியின் பேரீச்சை மரங்களைத் தாண்டினால் ஆரையம்பதியில் அம்மா வீடு. இவ்வளவும் மிதித்துப் போகிற தூரம். அதற்கு அப்பால் உள்ளதைச் சாதாரண நாளில் தேடிப் போவதில்லை என்று மெல்ல மெல்ல ஆகிவிட்டது, தீர்மானம் எடுத்து அல்ல. ஸ்கூட்டியில் இருந்தபோது 'ஒரு எட்டுப் போய் வந்துவிடு' என்று யார் சொன்னாலும் போவேன். யாருடைய பார்சலோ, யாருடைய பிள்ளையை ரியூஷனில் இறக்குவதோ, மலிவு விற்பனை என்று கேள்விப்பட்ட கடையோ. இப்போது 'நான் சைக்கிளில் வந்தேன்' என்றால் போதும், கேட்டவர் வேறு ஆளைப் பார்ப்பார். கூடைக்குள் அடங்காததை வாங்குவதில்லை. அதனால் கீரை வாடி எறிவதும் குறைந்தது. பிளாஸ்டிக்கைக் குறைப்பேன் என்று சபதம் எடுத்த காலத்திலும் இவ்வளவு குறைந்ததில்லை.

அதைவிடப் பெரிய சந்தோஷம், நிற்கலாம். வண்டியில் போகிறவர் நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும். சைக்கிளில் காலை ஊன்றினால் போதும். வாவிக்கரையில் இறால் வைத்திருக்கிறவரிடம் விலை கேட்டு, வாங்காமல் கதைத்துவிட்டுப் போகலாம். எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை, யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் காலூன்றிக் கேட்டவைதான். கந்தோர் எரிச்சல் வீடு வருமுன் இறங்கிவிடுகிறது. மனநலம் என்று பெரிதாகச் சொல்லுகிறார்களே, என்னிடம் இருப்பது இவ்வளவுதான், இது எனக்குக் காணும். வீட்டுக்கு வந்ததும் கத்துவது குறைந்திருக்கிறது என்று மகள் சொல்கிறாள். அவள் எளிதில் சான்றிதழ் தருகிறவள் அல்ல.

கந்தோரில் ஒரு தங்கச்சி நேற்றுக் கேட்டாள்: "அக்கா, உங்கட மாதிரியே ஒண்டு வாங்கட்டா?"

வேண்டாம் என்றேன். இப்போது கச்சான் காற்று. மேற்கே மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி நம் பக்கம் இறங்குகிற தென்மேல் பருவக்காற்று. மே தொடக்கம் ஓகஸ்ட் தாண்டியும் அடிக்கும். பாலத்தில் அது பக்கவாட்டில் அறைந்தால் முந்தானையைப் பிடிப்பதா, ஹாண்டிலைப் பிடிப்பதா என்று தெரியாது. வியர்வையோடு போய் மேசையில் உட்காரவேண்டும். அதற்குமேல் இந்தத் தகட்டுச் சத்தம். சேலை உடுத்தாத நாட்கள்தான் உனக்கு அதிகம், அரைக் கவர் வைத்ததை, முடிந்தால் பழையதாக, பாவித்தவரிடம் வாங்கு. பிளாஸ்டிக் கவரைத் தொடாதே, நம் வெயிலுக்கு வெடிக்கும். இந்த மாதிரியை மட்டும் வாங்காதே. மாசியில், மழையும் விட்டுக் காற்றும் இல்லாத நாளில், எல்லா ஆணியும் இருந்தபோது கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது ஆனியில்.