தூளியா, தொட்டிலா, பாயா?

மகள் தலைப்பிரசவத்துக்கு மன்னார்குடி வந்திருந்தாள். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே மூன்று பேர் மூன்று படுக்கை சொன்னார்கள். என் மாமியார் கூடத்து உத்திரத்தில் தூளி கட்டச் சொன்னார். சம்பந்தியம்மா சீர்காழிப் பக்கம். வரும் வழியிலேயே தைக்காலில் பிரம்புத் தொட்டில் வாங்கிக் காரில் ஏற்றி வந்துவிட்டார். மாப்பிள்ளையோ, டாக்டர் தட்டையாகத்தான் போடச் சொன்னார் என்று பாயைக் காட்டினார். மூன்றிலும் போட்டு வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தூளியின் அருமையை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். என் இரண்டு பிள்ளைகளும் அதில்தான் தூங்கினார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன அம்மாவின் நூல்புடவை, அதில் அவள் வாசனை, வயிற்றுக்குள் சுருண்டு கிடந்த மாதிரியே ஒரு அணைப்பு. ஆட்டம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பைத் தொட்டு அமைதிப்படுத்துகிறது. பாயில் அரைமணி அழுத பிள்ளை தூளியில் நாலு வீச்சில் கண்ணை மூடிவிடும். சித்திரை வெயிலில் காற்றும் கிடைக்கும், எறும்பும் எட்டாது.

ஆனால் அந்த வளைவில்தான் ஆபத்தும் இருக்கிறது. பேரனுக்கு நாற்பது நாள் இருக்கும். அடுப்படியில் இருந்தேன். தூளியிலிருந்து 'கர்ர்' என்று மெல்லிய சத்தம். குறட்டை என்றுதான் நினைத்தேன். புடவையை விலக்கினால், முகவாய் நெஞ்சில் அழுந்திக் கிடக்கிறது. தலையை உள்ளங்கையில் ஏந்தி நிமிர்த்தினேன், சத்தம் நின்றுவிட்டது. கழுத்து நிற்காத பிள்ளைக்கு மூச்சுக்குழாய் இளநீர் உறிஞ்சும் குழல் மாதிரி, மடங்கினால் அடைத்துக்கொள்ளும். மூச்சு முட்டும் பிள்ளை அழுது கூப்பிடாது என்பதுதான் என்னை இன்றும் உலுக்குகிறது. புடவை விரிந்து நிற்க நடுவில் தொட்டில் கட்டை வைத்தாலும் அடிப்பக்கம் வளைந்தே இருக்கும். 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே கூடாது என்று 2022இல் அமெரிக்கா சட்டம் போட்டது இதே காரணத்துக்காகத்தான்.

இன்னொன்று, சாம்பிராணி. குளிப்பாட்டியதும் தூளிக்கு அடியில் தூபக்காலை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். புகை புடவைக்குள்ளேயே தங்கிச் சின்ன நுரையீரலுக்குள் போகிறது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லி அதை நிறுத்தினேன். ஸ்பிரிங் மாட்டிய தொட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதே வளைவு, கூடவே குலுக்கல். எங்கள் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டோம்.

தொட்டில், அடிப்பலகை தட்டையாக இருந்தால் நல்ல படுக்கை. பிள்ளை பிறந்ததும் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போய்த் தங்கத் தொட்டிலில் இட்டு எடுக்கிறோமே, அந்த மரியாதை அதற்கு எப்போதும் உண்டு. பிரம்புத் தொட்டிலில் மூன்றைப் பாருங்கள். பிரம்பின் முனை எங்காவது துருத்துகிறதா? இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? ஆட்டி நிறுத்தியதும் ஒருபக்கமாகச் சாய்ந்தே நிற்கிறதா? பால்வாசனைக்கு எறும்பு வரும். தொட்டிலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தோம். உள்ளே இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் அடைத்தால் தொட்டில் வாங்கிய பலனே போய்விடும். முகம் புதைய இடம் கொடுக்கக்கூடாது.

கடைசியில் பாய். பார்க்க எளிமை, ஆனால் பிள்ளை வளர்வது இதில்தான். பிறந்த புதிதில் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் தெளிவாகத் தெரியும், பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கும் தூரம். தூளிக்குள் கிடந்தால் புடவை நிறம் மட்டுமே தெரியும். பாயில் போட்டால் முகம் பார்க்கும், உதைக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். விழித்திருக்கும்போது நாம் பக்கத்திலிருந்து தினம் இரண்டு மூன்று தடவை, மூன்று நான்கு நிமிஷம் குப்புறப் போட்டால் கழுத்து உரம் பெறும். தூங்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி அமெரிக்காவில் 1994இல் இயக்கம் தொடங்கியபின், காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் சிசு மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

பாய்க்கும் குறை உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தரையெல்லாம் ஓதம், பூரான் வேறு. அந்த மாதங்களில் பாயைத் தரையில் போடாமல், தொட்டில் பலகையை அம்மா கட்டிலோடு ஒட்டிப் போட்டு மேலே குடைவலை கவிழ்த்தோம். அம்மா அப்பாவுக்கு நடுவில் ஒரே போர்வைக்குள் போடுவதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் பால் கொடுத்து அசந்துபோன உடம்பு புரண்டால் தெரியாது. கை எட்டும் தூரத்தில் தனிப் பாய் போதும்.

ஆக, யார் கண் பிள்ளைமேல் இருக்கிறது என்பதை வைத்தே நான் பிரித்தேன். பகலில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அழுகை அடங்கத் தூளி. தூங்கியதும் தூக்கித் தட்டையான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். வீடு உறங்கும் ராத்திரியில் தொட்டில் அல்லது பாய், அதுவும் அம்மா படுக்கும் அறையிலேயே. மாமியார் முதலில் முகம் சுளித்தார். முகவாய் நெஞ்சில் அழுந்திக் கிடந்ததைச் செய்து காட்டியபின், தூளி பக்கத்தில் முக்காலி போட்டு அவரே காவல் உட்கார்ந்தார்.

ஐந்தாம் மாதம் பேரன் பாயில் தானாகக் குப்புற விழுந்தான். அன்று சாயங்காலமே தூளியை அவிழ்த்துவிட்டோம். புரளத் தெரிந்த பிள்ளை தூளியிலிருந்து விழ எத்தனை நேரம்? அந்தப் புடவையைத் துவைத்து, நாலாக மடித்து, இப்போது பாய்மேல் விரித்திருக்கிறோம்.